தருமன் நிற்க வேண்டிய பாடு

உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போதெல்லாம் தருமன் யாரையாவது எதையாவது சத்தமாகக் கேட்பார். "தண்ணி ஏறுதா, எறங்குதா?" என்பார். "இந்திராணி, அடுப்புல இன்னா?" என்று மனைவியைக் கேட்பார். வீட்டில் யாரும் இல்லையென்றால் வேலியோரம் மேயும் ஆட்டைப் பார்த்து, "இன்னா, இன்னும் மேஞ்சு முடியலயா?" என்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். மகள் ஹேமாவதி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைப் பார்த்து வந்தாள். நைனாவுக்குப் பேச்சு பிடிக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். கல்லூரி முடித்த வருஷம் ஒருநாள், அவர் எழுவதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க நேர்ந்தது. வாய் கேள்வி கேட்ட அதே நேரத்தில் இடது கை இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முனகல் வெளியே கேட்காமல் இருக்கத்தான் அந்தக் கேள்வி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பசியாவரத்தையும் தாண்டி, ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது அவர்கள் குப்பம். கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமென்றால் படகேறிப் பழவேற்காட்டுக்கு வர வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான். அங்கே கழி நட்டு வலை கட்ட எல்லாருக்கும் ஒரே நாளில் இடம் போதாது. அதனால் உரிமையுள்ள வீடுகள் முறை வைத்துப் போகின்றன. அந்த முறைக்குப் பெயர் பாடு. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்பது வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி முடிவாகும்.

பாடு உள்ள வீட்டு ஆண்பிள்ளை தன் முறை நாளில் தானே படகில் நிற்க வேண்டும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அவனும் பாடு உள்ளவனாக இருக்க வேண்டும். முடியாத நாளில் ஒருவனுக்காக இன்னொருவன் நிற்கலாம். ஆனால் அதைக் காசாகத் திருப்பித் தரக்கூடாது. காசு கொடுத்தால் அது கூலி, அவமானம். ஆளுக்கு ஆளாகத்தான் திருப்ப வேண்டும். அவன் முறை வரும்போது போய் நிற்க வேண்டும். நிற்க ஆளில்லாத வீட்டின் பெயர் அடுத்த சீட்டில் இருக்காது.

தருமனுக்கு மகன் இல்லை. ஹேமாவதி ஒரே பெண். அவர் முதுகு நிமிர்ந்திருக்கும் வரைக்கும்தான் அந்த வீட்டுக்குப் பாடு.

அந்த முதுகு பல வருஷத்துக்கு முன் ஒரு பாடு நாளில்தான் போயிற்று. சேற்றில் இறுகிய கழியைப் பிடுங்கும்போது படகு ஆட, படகின் விளிம்பில் மல்லாந்து விழுந்தார். சென்னையில் ஆபரேஷன் செய்து முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. இடுப்பில் தொடங்கி இடது கால் வழியாகக் காய்ச்சிய கம்பியை யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும் என்று ஒரே ஒரு தடவை இந்திராணியிடம் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் சொன்னதில்லை.

வலிக்கு அவர் விழுங்கியது பஜாரில் மருந்துக்கடையில் வாங்கிய டிரமடால் காப்ஸ்யூல். முதலில் பாடு நாளில் மட்டும் ஒன்று. பிறகு பாட்டுக்கு முந்தின நாளும். பிறகு பாடு இல்லாத நாளும். ஹேமாவதி வேதியியல் படித்தவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்துகளை அவளால் வாசிக்க முடிந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று போட்டிருந்தது. விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். வாசித்தவள் என்ன செய்ய வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கவில்லை. அந்த மாத்திரையால்தான் நைனா எழுந்து நடக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

திடீரென்று ஒருநாள் கடையில் இல்லையென்றார்கள். வலி மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற இளவட்டங்களைப் போலீஸ் பிடிக்கிறது, கடைகளில் சோதனை நடக்கிறது என்று பேச்சு. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

மாத்திரை நின்ற இரண்டொரு நாளில் வலியோடு வேறொன்றும் வந்து சேர்ந்தது. தருமனுக்கு உட்கார்ந்த இடத்தில் வியர்த்தது. மூக்கு ஒழுகியது. கொட்டாவியாக வந்தது. கால்கள் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்த இந்திராணி, புருஷனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். காசிமேட்டில் அவள் அக்கா மகன் பிரசாந்த் போதை மறுவாழ்வு மையத்துக்குப் போவதற்கு முன் இப்படித்தான் இருந்தான்.

"யோவ், நீயும் அதுல மாட்டிக்கினியா?"

"இன்னாடி பேசற? நான் இன்னா ஊசியா குத்திக்கினேன்? வலிக்குத்தானே துன்னேன்."

"அவனும் மொதல்ல கை ஒடிஞ்ச வலிக்குத்தான்யா துன்னான்."

தருமன் பழைய சட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற ஹேமாவதிக்கு, அம்மா சொன்னது சரியா, நைனா சொன்னது சரியா என்று தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும் சரியாக இருந்தால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருந்தது.

பொன்னேரியில் அவள் வேலை பார்த்த தனியார் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, நைனாவைச் சென்னைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீராத வலிக்கென்றே தனிப் பிரிவு இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். இளம் டாக்டர், பெயர் ஜெனிஃபர். தருமனைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்ன தொழில், எத்தனை நேரம் தண்ணீரில் நிற்கிறார், எப்படித் தூங்குகிறார், குடிப்பாரா என்றெல்லாம் கேட்டார். வியர்வை, கொட்டாவி பற்றி ஹேமாவதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகிடுச்சு. திடீர்னு நின்னதும் தேடுது," என்றார் டாக்டர். "போதைக்காகத் தேடிப் போறது வேற. ஆனா ரெண்டுக்கும் நடுவுல சுவர் கிடையாது, கோடுதான். அதனாலதான் நாங்க பக்கத்துலயே இருந்து பாக்கறோம்."

"அந்த கேப்சூலே எழுதிக் குடுத்துடுங்களேன் டாக்டரம்மா. ஒத்துக்கிச்சு."

"ஒத்துக்கிட்டா ஏன் ஒண்ணுல ஆரம்பிச்சு இவ்வளவு தூரம் வந்தீங்க? இதுக்கு மேல ஏத்தினா வலிப்பு வரலாம். படகுல வலிப்பு வந்தா?"

தருமன் தலை குனிந்துகொண்டார்.

மார்ஃபின் மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். புற்றுநோய்க்காரர்களுக்குத் தயங்காமல் கொடுப்போம், இந்த மாதிரி வலிக்கு யோசித்துத்தான் கொடுப்போம். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சாப்பிட வேண்டும். வலி முழுசாகப் போகாது. பாதி குறைந்தால் அதுவே பெரிது. குறைந்து, நடக்க முடிகிறதா, தூங்க முடிகிறதா என்று பார்ப்போம். பலனில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நிறுத்திவிடுவோம். மார்ஃபின் என்ற சொல்லைக் கேட்டதும் தருமன் மகளைப் பார்த்தார்.

"அது சாகப் போறவங்களுக்குக் குடுக்கறதாச்சே."

"யார் சொன்னா?"

"ஊர்ல."

"உங்க ஊர்ல யாராவது சாப்பிட்டிருக்காங்களா?"

"ஒருத்தர் சாப்டாரு. செத்துட்டாரு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தருமனும் சிரித்தார். ஹேமாவதியால் சிரிக்க முடியவில்லை.

மூன்றாவதாக ஒட்டுமருந்து ஒன்றைக் காட்டினார். தோலில் ஒட்டிக்கொண்டால் ஒரு வாரம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அதன் விலைக்கு ஓர் அறக்கட்டளை உதவுகிறது. ஆனால் சூடு ஆகாது. சூடு பட்டால் ஒரு வாரத்து மருந்து வேகமாக இறங்கிவிடும். ஒத்தடம் கூடாது, சுடுதண்ணீர்ப் பை கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். எந்த மருந்தானாலும் முதல் இரண்டு வாரம் தொழிலுக்குப் படகு ஏறக்கூடாது. அதற்கப்புறமும் இங்கே வந்து பார்த்துவிட்டுத்தான்.

"ஹேமா, நீ இன்னா சொல்றே?" என்றார் தருமன்.

அவளுக்கு மாத்திரைதான் நல்லது என்று தோன்றியது. கையில் எடுத்து, பார்த்து, போடுகிற பொருள். ஆனால் அந்தப் பெயரை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அம்மாவுக்குப் பயந்து யோசிக்கிறோமா, நைனாவுக்காக யோசிக்கிறோமா என்று அவளுக்கே குழப்பமாகிவிட்டது. அந்தத் தயக்கத்தில் தருமனே முடிவு செய்தார்.

"பிளாஸ்திரியே இருக்கட்டும். சட்டைக்குள்ள இருந்தா யாரு பாக்கப் போறா?"

கையிலும் மார்பிலும் கயிறு உராயும் என்பதால் மேல்முதுகில், தோள்பட்டைக்குக் கீழே ஒட்டினார்கள்.

இரண்டு வாரத்துக்குள் அவருடைய பாடு வந்தது. தருமன் ரங்கன் வீட்டு வாசலில் போய் நின்றார். ரங்கன் சித்தப்பா மகன், வயதில் இளையவன், வாய் நீளம்.

"இன்னாண்ணா, மாப்ள மாதிரி வந்து நிக்கற? பொண்ணு கேக்க வந்தியா?"

"ஒரு பாடு நிக்கணும்டா எனக்கு. டாக்டரம்மா படகு ஏறக்கூடாதுன்னுட்டாங்க."

"நின்னுடறேன். ஆனா என் பாடு பங்குனி கடைசில வருது. மச்சான் காசிமேட்டுக்குப் பூட்டான், துணைக்கு ஆளில்ல. நீ வந்து நிக்கணும். பிளாஸ்திரி, டாக்டரம்மானு கத சொல்லக்கூடாது."

"வந்து நிக்கறேன்டா."

ரங்கன் நின்றான். அன்றைக்கு இறால் நல்லபடியாக விழுந்தது. தருமனின் பங்கைக் கொண்டுவந்து கூடையோடு வைத்துவிட்டுப் போனான்.

பிளாஸ்திரி வேலை செய்தது. இந்திராணிதான் முதலில் கவனித்தாள்: புருஷன் தூக்கத்தில் புரண்டு படுத்தார். எத்தனையோ வருஷமாக அவர் புரண்டதில்லை, ஒரே பக்கமாகக் கட்டைபோலக் கிடப்பார். நடை கொஞ்சம் தளர்வாக இருந்தது, வாய் உலர்ந்தது, மத்தியானத்தில் கண் சொருகியது. ஆனால் ஏரிக்கரைவரை நடந்து போய் வந்தார். வலை பின்னினார். வாரா வாரம் ஹேமாவதி பழையதை உரித்துவிட்டு முதுகிலேயே வேறிடத்தில் புதியது ஒட்டினாள். ஒவ்வொரு தடவையும், "சூடு படக்கூடாது நைனா," என்பாள். "தெரியும், தெரியும், ஒத்தடம் கூடாது," என்பார். இந்திராணி ஒத்தடத்துக்கு வைத்திருந்த உப்பு மூட்டையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

பங்குனிக் கடைசியில் ரங்கனின் பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது வலை கட்டியாக வேண்டும். அந்த நேரத்துக்கு இடத்தில் இல்லாவிட்டால் பாடு போனது போனதுதான்; அடுத்தது எப்போது வருமோ. சென்னைக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் படகு என்று ஹேமாவதி முந்தின நாளே சொன்னாள்.

"ரங்கனுக்கு இன்னா பதில் சொல்றது? டாக்டரம்மா வந்து நிப்பாங்களா?"

"அடுத்த தடவை நில்லு நைனா."

"அவன் எனக்கு நின்னுட்டான். நான் நிக்கலேன்னா என் பேரை இன்னும் எதுக்குச் சீட்டுல வச்சிக்கினு இருக்காங்க?"

அதற்கு மேல் அவள் பேசியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். பாட்டுக்கு நிற்பதுதான் அவருக்கு உயிர் என்று அவளுக்குத் தெரியும். அந்த உயிருக்காகத்தானே மருந்தே வாங்கினோம், இப்போது மருந்துக்காக அதை விடச் சொல்வது என்ன நியாயம் என்று அவளுக்கே தோன்றியது.

பாட்டுக்குப் போகுமுன் முதுகு பிடித்தவர்கள் அந்தக் குப்பத்தில் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கடல் பக்கத்து மேட்டில் வெயிலில் காய்ந்த மணலில் கையால் பள்ளம் பறித்து, சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். சுடுமணல் முதுகைப் பிடித்துவிடும் என்பார்கள். அதை யாரும் வைத்தியம் என்று நினைப்பதில்லை. குளிப்பது மாதிரி, சாப்பிடுவது மாதிரி. தருமனும் மேட்டுக்குப் போய்ப் படுத்தார். முன்பெல்லாம் வலி அதிக நேரம் படுக்க விடாது. அன்றைக்கு விட்டது.

ரங்கன் படகில் கழியும் வலையும் ஏற்றிவிட்டுத் தேடி வந்தான்.

"அண்ணன் எங்க? தண்ணி திரும்பப் போவுது."

ஹேமாவதி வீட்டுக்குள் பார்த்தாள். கரையில் பார்த்தாள். பிறகுதான் மேட்டைப் பார்த்தாள். யாரோ குறட்டை விடும் சத்தம் கேட்டது. அது நின்றது. நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறவன் மாதிரி ஓர் இழுப்பு.

ஓடினாள். நைனாவின் உதடு நாவல்பழம் தின்றவன் உதடுபோல இருந்தது. கன்னத்தில் தட்டினாள். கண் பாதி திறந்தது. கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. தோளைப் பிடித்துப் புரட்டினாள். முதுகு முழுக்க மணல். அதைத் தட்டிவிட்டபோது கைக்குப் பிளாஸ்திரி பட்டது. அடுப்பிலிருந்து எடுத்த தட்டு மாதிரி சுட்டது.

அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. ஒத்தடம் என்று சொன்னார்கள், சுடுதண்ணீர் என்று சொன்னார்கள். மணல் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்.

மேட்டில்தான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். இரண்டு தடவை அறுந்து, மூன்றாம் தடவை டாக்டர் ஜெனிஃபர் எடுத்தார்.

"மொதல்ல அதை உரிங்க. நிழலுக்கு இழுங்க. பச்சைத் தண்ணில அந்த இடத்தைத் துடைங்க, தேய்க்காதீங்க. உரிச்சிட்டா சரியாயிடும்னு இருந்துடாதீங்க, தோலுக்குள்ள போனது இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கும். தூங்க விடாதீங்க. மூச்சு விடச் சொல்லிக்கிட்டே இருங்க. ஆம்புலன்ஸ் எங்க வரும்?"

"பழவேற்காட்டுக்குத்தான் மேடம். நாங்க ஏரியத் தாண்டணும்."

"உடனே தாண்டுங்க. ஆம்புலன்ஸை நான் அங்க வரச் சொல்றேன்."

ஹேமாவதி ரங்கனைப் பார்த்தாள். கரையில் எஞ்சின் மாட்டித் தயாராக நின்றது அவன் படகு ஒன்றுதான். மற்றதெல்லாம் கடலுக்குப் போயிருந்தது. ரங்கன் ஏரியைப் பார்த்தான். தண்ணீர் திரும்பத் தொடங்கியிருந்தது. கரையோரத்து நுரை மெல்ல முகத்துவாரத்துப் பக்கம் நகர்ந்தது. அவனுடைய பாடு ஆரம்பித்துவிட்டது. குனிந்து அண்ணனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"காலைப் புடி புள்ள. இந்திராணி அண்ணி, அந்தப் பாயைப் போடு படகுல!"

தண்ணீர் இறங்க இறங்க ஏரிக்குள் படகு போகும் வாய்க்காலின் ஆழம் குறைந்தது. பாதி வழியில் படகு சேற்றில் தட்டியது. எஞ்சின் உறுமியது, நகரவில்லை. ரங்கன் ஒரு கணம் தன் கழிகளைப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். கனத்த வலையையும் தள்ளினான். இடுப்பளவு தண்ணீரில் குதித்துப் படகை முட்டித் தள்ளினான்.

"மூச்சு விடு நைனா," என்றாள் ஹேமாவதி. தருமன் இழுத்தார். "இன்னொண்ணு. விடு நைனா!" சொன்னால் விட்டார். சொல்லாவிட்டால் மறந்துவிட்டார். இந்திராணி புருஷனின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, அம்மனையும் அவரையும் மாற்றி மாற்றித் திட்டினாள்.

"ண்ணா! தூங்கறதுக்கு என் பாடுதான் கெடச்சுதா உனக்கு?" ரங்கன் பின்னாலிருந்து கத்தினான். "எழுந்திரு! வந்து நிக்கறேன்னு சொன்னியே! இன்னா படுத்துக்கினு வர!"

தருமனின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் யாரும் கேட்காமலே ஒரு மூச்சு விட்டார்.

ஆம்புலன்ஸில் முகமூடி வைத்துக் காற்று கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தை முறிக்கிற ஊசி போட்டார்கள், ஒரு தடவை போதவில்லை, மறுபடி போட்டார்கள். உதட்டின் நிறம் திரும்பியது. கண் திறந்தது. திறந்ததும் அத்தனை நாள் அடங்கியிருந்த வலியும் ஒரே சேரத் திரும்பி வந்தது. தருமன் அலறினார். மறைத்துக்கொள்ள அவருக்கு ஒரு கேள்வியும் கிடைக்கவில்லை. நைனா இப்படிக் கத்தி ஹேமாவதி கேட்டதில்லை. அவர் பிழைத்துவிட்டார் என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். அதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் டாக்டர் ஜெனிஃபர் முன்னால் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை இந்திராணியும் வந்திருந்தாள்.

"மணலைப் பத்தி நான் கேட்டிருக்கணும்," என்றார் டாக்டர். "இனிமே கடக்கரைலேர்ந்து யார் வந்தாலும் கேப்பேன்."

"நீங்க எங்க மணல்ல படுத்திருக்கீங்க, உங்களுக்குத் தெரிய?" என்றார் தருமன். பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வலியும் அடங்கணும், படகுலயும் நிக்கணும். அதுக்கு மருந்து கீதா?"

டாக்டர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு இல்லை. சில பேரு கொஞ்சமா சாப்பிட்டு, பழகி, வேலைக்குப் போறாங்க. ஆனா நீங்க ஆழத்துல நிக்கிறீங்க, கழி பிடுங்கறீங்க. முதுகும் தாங்காது. மாத்திரை இல்லாம போனா வலில விழுவீங்க, மாத்திரையோட போனா தூக்கத்துல விழுவீங்க. எதையும் சாப்பிடாம இருக்கறதும் ஒரு வழிதான், நான் இல்லேன்னு சொல்லல. அப்பவும் படகு வேணாம்னுதான் சொல்வேன்."

"மருந்து வேணாம்யா," என்றாள் இந்திராணி. "அன்னிக்குப் படகுல வந்தது போதும்."

"அன்னிக்கு நீ என் சத்தத்தைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"தெனம் உள்ள அப்டித்தான் கீது. வெளிய வரல, அவ்ளோதான்."

இந்திராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தருமன் மகள் பக்கம் திரும்பினார். ஆனால் இந்தத் தடவை நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை.

"மாத்திரையே எழுதுங்க. அந்தப் பேரு... மார்ஃபின். வேளைக்கு வேளை இவ கையால குடுக்கட்டும்." இந்திராணியைக் காட்டினார். "பிரசாந்த் மாதிரி ஆவறேனான்னு அவளே பாத்துக்கட்டும்."

படகைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில், திருப்பாலைவனத்தில் பஸ் நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே அறுத்துப் போட்ட வயலைப் பார்த்தபடி, "சித்திரைல சீட்டு," என்றார். ஹேமாவதி, "ஆமா நைனா," என்றாள்.

சித்திரையில் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. தலைவர் சுப்பராயலு பெயர்களைப் படிக்கத் தொடங்குமுன் தருமன் எழுந்தார்.

"தலைவரே, என் பேரைப் போட வேணாம்."

சலசலப்பு அடங்கியது. ஆண்கள் கூடுகிற இடம் என்பதால் ஹேமாவதி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நின்றிருந்தாள். நைனாவின் இடது கை இடுப்பை அழுத்திப் பிடித்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

"யோசிச்சுத்தான் சொல்றியா? எடுத்துட்டா மறுபடி போட முடியாது," என்றார் தலைவர்.

"யோசிச்சுட்டேன்."

"அதை எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்று பின்வரிசையிலிருந்து ரங்கன் எழுந்தான். "அண்ணன் எனக்கு ரெண்டு பாடு தரணும். ஒண்ணு நான் நின்னது. ஒண்ணு நான் விட்டது."

யாரோ சிரித்தார்கள். "உசுரைக் காப்பாத்திட்டு வட்டி கேக்கறான் பாரு!"

"உசுருக்கு நான் ஒண்ணும் கேக்கல," என்றான் ரங்கன். அவன் முகத்தில் சிரிப்பில்லை. புதுக் கழியும் வலையும் வாங்குகிற வரைக்கும் கடலில் அடுத்தவன் படகில் போய்க்கொண்டிருந்தான். "பாட்டுக்குத்தான் கேக்கறேன்."

"பாடு இல்லாதவன் பாட்டுக்கு நிக்க முடியாதேடா," என்றார் சுப்பராயலு. "பேரு போனா கடனும் போச்சுன்னு வச்சிக்கலாமா?"

"போகாது," என்றான் ரங்கன்.

"போகாது தலைவரே," என்றார் தருமனும்.

"அப்போ எப்டித் தருவே?"

"தெரியல."

தலைவர், தருமன் பெயர் இல்லாமல் சீட்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கச் சொன்னார்.

இப்போது தருமன் வேளைக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். இந்திராணி உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கிறாள். விழுங்கும்வரை நின்று பார்க்கிறாள். வலி பாதி இருக்கிறது. தூங்குகிறார், புரண்டு படுக்கிறார். அடுத்தவர்கள் வலையைப் பழுது பார்க்கிறார். நல்ல நாளில் பழவேற்காடு பஜார்வரை போய் வருகிறார். சில நாள் கரையில் உட்கார்ந்து வெறுமனே தண்ணீரைப் பார்க்கிறார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கும் ஹேமாவதிக்கு, வலி குறைந்த நைனாவா, பாடு இல்லாத நைனாவா, யாரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம் என்று தோன்றும்.

ரங்கன் பாடு உள்ள வேறொருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டான். தன் பாடு வரும் நாளில் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு தருமன் வீட்டு வழியாகத்தான் போகிறான். கரைக்கு அது சுற்றுவழி.

"ண்ணா, இன்னிக்கு என் பாடு."

"தெரியும்டா."

அவ்வளவுதான் பேச்சு. ரங்கன் போகிறான். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டு, முகத்துவாரத்துப் பக்கமாகத் தேய்கிறது. தர வேண்டிய இரண்டு பாடும் அப்படியே நிற்கின்றன.